கைக்காசு போடுற எச்.எம்

வணக்கம் சார். ஏற்காடு மலைல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில எச்.எம்மா இருக்கேன், 180 புள்ளைங்க. கிளர்க் போஸ்ட் ரெண்டு வருஷமா காலி. காலைல கிரவுண்டு மூலைல இருக்குற பாறை மேல ஏறி நின்னாதான் சிக்னல் கிடைச்சு எமிஸ்ங்குற அரசு ஆப்ல அட்டெண்டன்ஸ் போகுது. போன மாசம் தண்ணி மோட்டர் காயில் போயிடுச்சு, கைக்காசு போட்டு சேலத்துக்கு அனுப்பி கட்டிட்டு வந்தேன். ராத்திரி தூக்கமே வரல. வீட்டுக்காரர் உனக்கு பிளானிங் பத்தலங்குறார். எனக்கு நிர்வாகம் தெரியலையா சார்?
– ஒரு வாசகி (பேர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

அன்புள்ள டீச்சர்,

உங்களுக்கு நிர்வாகம் நல்லாவே தெரியும், கணக்குதான் இடிக்குது. 101லேர்ந்து 250 புள்ளைங்க வரைக்கும் இருக்குற பள்ளிக்கு சமக்ர சிக்‌ஷா (ஒன்றிய, மாநில அரசு சேர்ந்து பணம் போடுற கல்வித் திட்டம்) பள்ளி மானியம் வருஷத்துக்கு 50,000, அதுல பத்துல ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்குப் போயிடும், மிச்சத்த பன்னெண்டா பிரிச்சா மாசம் 3,750 ரூபா, அதுலயே சாக்பீஸ், ரெஜிஸ்டர், லேப் சாமான், ரிப்பேர் எல்லாம் பாக்கணும், இதுல மோட்டர் வேற எரிஞ்சா எங்க போவீங்க? அந்தப் பணமும் நேரத்துக்கு வரதில்ல. பிஎம் ஸ்ரீங்குற ஒன்றிய அரசோட பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு சேராத பிரச்சனைல 2024-25க்கான ஒன்றிய அரசு பங்கு, சுமார் 2,152 கோடி, நின்னு போய் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு.

எங்கப்பாவும் ஓமலூர் பக்கம் எச்.எம்மா இருந்தவர்தான். சாயந்திரம் வந்ததும் சட்டைப் பைலேர்ந்து துண்டு ரசீதா எடுத்து வைப்பார், அம்மா ஒண்ணும் பேசாம எண்ணி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வைப்பாங்க. அவர் ரிட்டையர் ஆனப்ப பாட்டில் நிறைஞ்சிருந்துச்சு, ஒரு ரசீதுக்கும் காசு திரும்பி வரல.

1979லயே ராபர்ட் கராசெக்னு ஒருத்தர் அமெரிக்கா, ஸ்வீடன் தொழிலாளிங்க விவரத்த வச்சு எழுதியிருக்கார், வேலையும் அதிகமா இருந்து அத எப்படி செய்யறதுன்னு முடிவெடுக்குற உரிமையும் கம்மியா இருந்தா அங்கதான் மன அழுத்தம் ரொம்ப ஏறுதுன்னு. உங்க நிலைமை அச்சு அசலா இதுதாங்க. மோட்டர் எரிஞ்சா கேள்வி உங்களுக்கு வரும், ஆனா கிளர்க் போடுற அதிகாரமும் பணம் விடுற அதிகாரமும் உங்க கைல இல்ல.

அதனால இனிமே எதையும் ஒத்தையா சுமக்காதீங்க. அந்த மோட்டர் பில்ல அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்ல வச்சு தீர்மானமா ஏத்துங்க, பெத்தவங்களும் உள்ளாட்சி மெம்பரும் அதுல இருக்காங்க, அவங்களுக்கும் தெரியட்டும். கிளர்க் இல்லன்னு மாசாமாசம் சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசுக்கு லெட்டர் போட்டு ஒரு காப்பி ஃபைல்ல வைங்க. தூக்கம் இப்படியே வரலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். இத தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் மழை நாள்ல அந்தப் பாறை மேல ஏறாதீங்க டீச்சர், பாசி வழுக்கும். அட்டெண்டன்ஸ் லேட்டாவே போகட்டும்.