மனிதனுக்கு 46 குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை), பூக்காத சின்னச் செடியான ஒரு பெரணிக்கு 1260. அத்தனை எதற்கு?

கேள்வி கேட்டவர் பதினோராம் வகுப்பு மாணவர் என்று நினைக்கிறேன். ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற பெரணிக்குச் சுமார் 1260 குரோமோசோம்கள் என்று பாடத்தில் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் அது நம்மைவிட மேலான உயிரா?’ என்று கேட்டிருக்கிறார்.

இல்லை. குரோமோசோம் எண்ணிக்கையை வைத்து ஒரு உயிரின் உயர்வு தாழ்வைச் சொல்ல முடியாது. அந்தச் செடியின் முன்னோரிடம் மொத்த மரபணுத்தொகுதியும் எத்தனை முறை இரட்டித்தது, இரட்டித்ததில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பெரணிகள் எளிதில் இரட்டிக்கும். சேர்ந்த குரோமோசோம்களை எளிதில் விடாது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு கிணற்றில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். சேலத்தில் என் பாட்டி வீட்டுக் கிணற்றின் உள்சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. காரை பெயர்ந்த இடுக்கெல்லாம் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி தொங்கும். சுண்ணாம்பு என்றால் அதற்கு உயிர். எம்.எஸ்ஸி. படிக்கும்போது புராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். விடியற்காலையில் இளம் இலையைப் பறித்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த குப்பியில் போட வேண்டும். ஸ்போர் என்பது பெரணி விதைக்குப் பதிலாகப் போடும் தூள். பிறகு இலை ஓரத்தில் இருக்கும் பச்சை ஸ்போர்ப்பைகளை ஊசியால் சுரண்டி எடுத்து, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் மூடி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தும்போது கவர்ஸ்லிப் மயிரிழை நகர்ந்தாலும் போச்சு, செல் கிழிந்துவிடும். மூன்றாவது வாரத்தில்தான் எண்ணத்தக்க ஒரு செல் கிடைத்தது. குங்குமத்தைத் தூவிவிட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். படம் வரைந்து, ஒவ்வொன்றாக அடித்து அடித்து எண்ணினேன். 58 ஜோடி.

டெரிஸ் பேரினத்தின் அடிப்படை எண், அதாவது ஒரு செட்டில் இருக்கும் குரோமோசோம்கள், 29. இரண்டு செட் இருக்கும் சாதாரணச் செடியில் 29 ஜோடிதான் வர வேண்டும். எங்கள் கிணற்றில் நின்றது நான்கு செட் உள்ள செடி. அதன் பாட்டன் பூட்டனில் எங்கோ ஒரு தலைமுறையில் எல்லாமே ஒரே அடியாக இரட்டித்திருக்கிறது.

இரட்டிப்பதால் என்ன லாபம்? சேலத்துக்காரர்களுக்குக் கொலுசை வைத்துச் சொல்கிறேன். இரண்டு வேறு டிசைன் கொலுசுகளில் ஒற்றை ஒற்றையாக எடுத்து ஒரே பெட்டியில் போட்டால் எதற்கும் ஜோடி இருக்காது. இரண்டு வேறு இனங்கள் கலந்து பிறக்கும் கலப்பினச் செடியின் நிலை இதுதான். ஸ்போர் உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். ஜோடி இல்லையென்றால் ஸ்போர் சாவியாகப் போகும். அதே பெட்டியில் ஒவ்வொரு கொலுசுக்கும் அச்சு அசலாக இன்னொன்று செய்து போட்டுவிட்டால்? எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும். மலடாக இருந்த கலப்பினம் வளமான புது இனமாகிவிடும்.

பூக்கும் தாவரங்களிலும் இது நடக்கிறது. ஆனால் பெரணிக்கு ஒரு வசதி உண்டு. அதன் ஸ்போர் தனியாக விழுந்து, நகக்கண் அளவில் இதய வடிவத் தகடாக வளரும். அந்த ஒரே தகட்டில் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. குரோமோசோம் குறையாத ஒரே ஒரு ஸ்போர் ஈரமான இடத்தில் விழுந்தாலே போதும், துணை தேடாமல் புது வம்சம் தொடங்கிவிடலாம். 2009-இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, பூக்கும் தாவரங்களில் புது இனம் பிரியும் நிகழ்வுகளில் சுமார் 15 சதவீதம் குரோமோசோம் செட் கூடுவதோடு சேர்ந்து நடக்கிறது. பெரணிகளில் அது 31 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஏற்காடு மலைப்பாதையில் பாறை வெட்டிய ஓரங்களில் வெள்ளிப் பெரணி இருக்கும். இலையின் கீழ்ப்புறத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் வெள்ளை அச்சு விழும். இந்தக் கூட்டத்தில் மூன்று செட் குரோமோசோம் உள்ள செடிகளும் உண்டு. மூன்று என்றால் ஜோடி சேராது. நியாயப்படி அது மலடாக இருக்க வேண்டும். ஆனால் காடு கொள்ளாமல் பரவுகிறது. எப்படி? சாதாரணமாக ஒரு ஸ்போர்ப்பையில் 16 தாய்ச்செல்கள் உருவாகி, ஒவ்வொன்றும் நான்கு ஸ்போராகி, மொத்தம் 64 ஆகும். இந்தச் செடியில் எட்டுச் செல் ஆனதும், அடுத்த பிரிவில் குரோமோசோம் மட்டும் இரட்டிக்கிறது, செல் பிரிவதில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஜோடி இருக்கிறது. எட்டுச் செல்லும் ஒழுங்காகப் பிரிந்து 32 ஸ்போர் வருகிறது, தாய்ச்செடியின் அதே மூன்று செட்டோடு. அந்த ஸ்போரில் முளைக்கும் தகட்டிலிருந்து கருவுறாமலேயே நேராகச் செடி கிளம்பிவிடும். முதன்முதலாக ஒரு முற்றிய பையை உடைத்து 32 என்று எண்ணிய நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

சரி, இத்தனை நகல் வைத்திருக்கும் செடி எல்லாவற்றையும் பயன்படுத்துகிறதா? 1966-இல் கிளெகோவ்ஸ்கி, பேக்கர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே வகை ஸ்போர் போடும் பெரணிகளில் சராசரியாக 57 ஜோடி. ஆண், பெண் என்று தனித்தனி ஸ்போர் போடும் நீர்ப்பெரணிகள் போன்றவற்றில் 14 கூட வராது. மாட்டுத் தீவனத்துக்குத் தொட்டியில் வளர்க்கிறோமே, அந்த அசோலா இந்த இரண்டாவது வகை. அதில் 22 ஜோடி. தன்னோடு தானே கருவுறும் செடியில் ஒரே மாதிரி மரபணுக்களே சேர்ந்துவிடும், அதைச் சமாளிக்கத்தான் பெரணிகள் நிறைய நகல் வைத்திருக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1980-களில் நொதிகளைச் சோதித்தபோது, இந்தப் பெரணிகள் பல நகல் உள்ளவை மாதிரி நடந்துகொள்ளவில்லை. இரண்டே செட் உள்ள செடி மாதிரி நடந்துகொண்டன. மற்ற நகல்கள் வாயடைத்துப் போயிருந்தன.

2022-இல் செராட்டாப்டெரிஸ் ரிச்சார்டி என்ற பெரணியின் ஜீனோமை, அதாவது மொத்த மரபணுத்தொகுதியை, படித்தார்கள். 39 ஜோடி குரோமோசோம், ஒரு செட்டில் அவர்கள் படித்துக் கோத்தது சுமார் 746 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். மனிதனுக்கு ஏறக்குறைய 310 கோடிதான். அதன் கடைசி முழு இரட்டிப்பு நடந்தது சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகு ஏராளமான மரபணுக்கள் தொலைந்துபோயிருக்கின்றன; மரபணுக்களுக்கு உள்ளேயே தாவும் மரபணுக்கள் (இடம் விட்டு இடம் மாறும் டி.என்.ஏ. துண்டுகள்) புகுந்துதான் ஜீனோம் இவ்வளவு ஊதியிருக்கிறது. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸும் பலமுறை இரட்டித்த வம்சம்தான். அது குரோமோசோம்களை ஒட்டி, வெட்டி, கழித்து ஐந்து ஜோடிக்கு வந்துவிட்டது. பெரணி வீட்டில் சாமான் காலியாகியிருக்கலாம், அறைகள் அப்படியே நிற்கின்றன. என் பார்வையில் உங்கள் 1260-க்கு இதுதான் பதில்.

மிச்சமிருக்கும் நகல்கள் எல்லாமே சும்மா கிடக்கின்றன என்றும் நினைக்காதீர்கள். ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டால் இன்னொன்று மாறிப் பார்க்கலாம், புது வேலை எடுக்கலாம். பரிணாமத்துக்கு இந்த ஓய்வு பெரிய வரம்.

நீங்கள் சேலம் பக்கம் என்றால் ஒரு உதவி கேட்கிறேன். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழில்தான் இதுவரை நான் வெள்ளிப் பெரணியை எண்ணியிருக்கிறேன். முற்றிய, ஆனால் வெடிக்காத ஒரு பையைக் கிளிசரின் சொட்டில் வைத்து உடைத்துப் பாருங்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பே போதும். 64-ஆ, 32-ஆ, எந்த வளைவில் பறித்தது என்று கீழே எழுதுங்கள். ஒரு இலை போதும், வேரோடு பிடுங்க வேண்டாம்.