விருந்தாளியாகத் தங்கிய வீட்டில் ஒரு பொருளை உடைத்துவிட்டால் வாங்கிக் கொடுக்க வேண்டுமா, பணமாகக் கொடுத்தால் தப்பா?

'பரவாயில்லை, விடுங்க' என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடைந்தது என்ன என்று சொல்லவில்லை. கண்ணாடி டம்ளராக இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். ஏதோ பழைய பொருள். வீட்டம்மாவின் முகம் ஒரு நொடி மாறி மறுபடி சிரித்ததைப் பார்த்திருக்கிறீர்கள். சரிதானே?

பணமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

2017 நவம்பர். மாயவரத்தில் (மயிலாடுதுறைதான்) கடைமுகம். ஐப்பசி கடைசி நாள் காவிரித் துலாக் கட்டத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. நாங்கள் நான்கு பேரும் மாமியாருமாக என் மனைவியின் அத்தை வீட்டில் போய் இறங்கினோம். பழைய காலத்து வீடு. திண்ணை, முற்றம், கொல்லையில் கிணறு. அத்தைக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. ஐந்து பேருக்கும் ஒண்டி ஆளாகச் சமைத்தார்.

வந்த வினை என்னவென்றால், நான் வீட்டு வேலையில் கை கொடுக்கிற புருஷன். சென்னையில் பாத்திரம் தேய்ப்பது என் வேலை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமைதான்). முழுக்கு முடிந்து வந்து சாப்பிட்டதும் எல்லாரும் கூடத்தில் கண்ணயர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் சமையற்கட்டுக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் கல்சட்டி இருந்தது. மத்தியானம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்த சட்டி. மீந்ததை அத்தை இன்னொரு தடவை சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, சட்டியை ஆறட்டும் என்று வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடு பொறுக்கிற மாதிரிதான் இருந்தது. குழாயைத் திறந்து நேராக அடியில் விட்டேன்.

மழைக்காலத் தண்ணீர், ஐஸ் மாதிரி. பெரிய சத்தமெல்லாம் இல்லை. முறுக்கை இரண்டாக ஒடிக்கிற சத்தம், அவ்வளவுதான். பதறிப்போய்த் தூக்கினேன். சுற்றுச்சுவர் மட்டும் வளையல் மாதிரி கையோடு வந்தது. அடிப்பாகம் வட்டமாகத் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தது.

கல்சட்டி தெரியாதவர்களுக்கு: மாக்கல்லைக் குடைந்து, கடைசல் பிடித்துச் செய்வது. சேலம் பக்கத்திலிருந்து வரும். கல் என்று பெயர்தானே ஒழிய, நகத்தால் கீறினாலே கோடு விழுகிற மெத்தென்ற கல். சூட்டை வாங்க நேரமாகும், விடவும் நேரமாகும். இறக்கி வைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். விளிம்பு ஆறியிருக்கும், அடி நெருப்பாக இருக்கும். அதில் பச்சைத் தண்ணீரை விட்டால் உள்பக்கம் சட்டென்று சுருங்கும், வெளிப்பக்கம் சுருங்காது, பிளந்துகொள்ளும். இதெல்லாம் உடைத்த பிறகு படித்த பாடம்.

அத்தை எழுந்து வந்தார். பார்த்தார். "கையில பட்டுச்சா மாப்பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் "பழசுதானே, விடுங்க" என்றார். ஆனால் துண்டுகளைக் குப்பையில் போடவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, தினசரித் தாளில் சுற்றிப் பரண் மேல் வைத்தார். அது அவருடைய மாமியார் கொடுத்த சட்டி என்று ராத்திரி என் மனைவி சொன்னாள். எதற்குச் சொன்னாளோ, எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் முடவன் முழுக்கு, கடைமுகத்தைத் தவறவிட்டவர்கள் கார்த்திகை முதல் நாள் போடுகிற முழுக்கு. அதையும் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு கவரில் இரண்டாயிரம் ரூபாய் வைத்து, அத்தை கும்பிடுகிற சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தேன். ரொம்ப நாசூக்காகச் செய்ததாக நினைப்பு. சென்னைக்கு வந்து தாம்பூலப் பையைப் பிரித்தால் வெற்றிலைக்கு அடியில் அதே கவர். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோதே கண்டுபிடித்துத் திருப்பி வைத்துவிட்டார்.

அடுத்து, ஒரு நல்ல நான்ஸ்டிக் செட் ஆன்லைனில் வாங்கி அனுப்பினேன். மூன்று பாத்திரம், கண்ணாடி மூடியோடு. "ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று போன் செய்தார். மறு வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பரிசுப் பொருட்களுக்கு நடுவில் அதே பெட்டியைப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பாதி என் பெயர்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் மனைவி வீட்டு வாட்ஸாப் குழுவில் எனக்குப் பெயரே 'சட்டி மாப்பிள்ளை'. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் யாராவது தண்ணீர் ஜக்கை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நல்லது. ஆனால் என் சகலை 2015-இல் இதே அத்தை வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது திண்ணைத் தூணில் மோதினார். தேக்குத் தூண். இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், வரும்போது எல்லாருக்கும் தைலம் வாங்கி வருகிறார். தூணுக்கு ஒரு நியாயம், சட்டிக்கு ஒரு நியாயம். சரி, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்ஸ்டிக் செட்டை அனுப்பிய கையோடு, 'சட்டிக்குச் சட்டிதான் சரி' என்று முடிவு செய்து அதே வருஷம் டிசம்பரில் ஒரு வேலையாகக் கும்பகோணம் போனபோது பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன். வெளிறிப்போன சாம்பல் நிறத்தில் சட்டிகள் அடுக்கியிருந்தன. அத்தை வீட்டுச் சட்டி கன்னங்கரேல் என்று இருக்கும். "கறுப்பு இல்லையா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறுப்பு கடையில வராது சார், வீட்டுலதான் வரும்" என்றார். ஒவ்வொரு சட்டியாகத் தூக்கி விரல் முட்டியால் தட்டினார். கணீரென்று கேட்டால் நல்ல சட்டி, சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல். மூன்றைத் தட்டித் தள்ளிவிட்டு நான்காவதைக் கொடுத்தார். 650 ரூபாய்.

அதை அப்படியே கொண்டுபோய் அத்தையிடம் நீட்டியிருக்கலாம். ஆனால் பழக்காத சட்டியைக் கொடுப்பது எழுபது வயதுக்காரியின் கையில் ஒரு மாச வேலையைக் கொடுப்பது. அதனால் சென்னைக்குத் தூக்கிவந்தேன். கழுவி வெயிலில் காயவைத்து, உள்ளும் புறமும் மஞ்சள்பொடியும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவி இரண்டு நாள். கழுவிவிட்டு மறுபடி தடவி இரண்டு நாள். அப்புறம் தினமும் சுடச்சுட வடிகஞ்சி ஊற்றி ஆறும் வரை வைக்க வேண்டும்.

வடிகஞ்சிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் சோறு என்றால் குக்கர், மூன்று விசில். அந்த ஒரு சட்டிக்காகப் பத்து நாள் உலையில் அரிசி போட்டு வடித்துச் சாப்பிட்டோம். இரண்டு தடவை குழைந்தது, ஒரு தடவை கஞ்சியோடு பாதிச் சோறும் தொட்டிக்குள் போயிற்று. கடைசியில் ஒரு வாரம், அடுப்பைச் சிம்மில் வைத்துத் தினமும் வெறும் தண்ணீர் சூடு பண்ணினேன். கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலை வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று என் பிள்ளைகளுக்கு உத்தரவு. சட்டி மெல்ல மெல்லக் கறுத்தது. முதலில் அடி, அப்புறம் வயிறு.

'ஒரு சட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்று கருத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் பக்கெட்டை உடைத்தவரையும் ஒரு மாசம் விரதம் இருக்கச் சொல்லவில்லை. மறுநாளே அதே நிறத்தில் வாங்கி வைத்துவிட்டு வாருங்கள், போதும். பணம் கொடுப்பவர்கள் எல்லாம் திமிர் பிடித்தவர்கள் என்றும் சொல்லவில்லை. டிவி, மிக்ஸி என்றால் ரிப்பேர் செலவை ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. உடைத்ததை மறைப்பதுதான் அசிங்கம். என் அண்ணன் மகன் பரீட்சைக்குப் படிக்க எங்கள் வீட்டில் பதினோரு நாள் தங்கினான். போன பிறகு பார்த்தால் சட்னி ஜார் மூடியில் விரிசல். விரிசல் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். புதினா அரைத்த அன்று சுவரெல்லாம் பச்சை. கேட்டால் "நான் வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு சித்தப்பா." உங்கள் விஷயத்தில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்கள், பாதிக் கடன் அங்கேயே தீர்ந்தது.

மீதிக்கு, உடைந்தது அவர்கள் தினமும் கையாளுகிற பொருளா, எந்த அளவு, எந்தக் கடை என்று அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் 'எதுக்குங்க' என்றுதான் வரும். விலை கூடியதாக வாங்காதீர்கள். உசத்தியாகக் கொடுத்தால் அது உங்கள் பொருள், அவர்களுடையது ஆகாது.

தை பிறந்ததும் சட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, எழும்பூரில் ரயிலேறி, மாயவரம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். உள்ளே முகர்ந்து பார்த்தார். விரல் முட்டியால் ஒரு தட்டு. "வடிகஞ்சி ஊத்துனீங்களா?" என்றார். "பத்து நாள்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனார். மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் பழைய சட்டியின் அடிப்பாகம் வட்டமாக இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி, புதுச் சட்டிக்கு இடம் பண்ணினார்.

அன்றைக்கு அதில் கீரை மசியல். பருப்பு மத்தால் அத்தை மசித்த சத்தம் கூடம் வரை கேட்டது. சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"தட்டை அப்படியே வச்சிட்டு அங்கேயே உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.