பார்ட் டைம் என்றால் பி.எஃப். கிடையாதா?

கேள்வி: பல ஊர்களில் கிளை உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குன்னூர் கடையில் இரண்டு வருடமாக பில் போடுகிறேன். மாலை 4 முதல் 9 மணி வரை வேலை. சீசனில் முழு நாள். சம்பளம் 8,500 ரூபாய். பி.எஃப். கேட்டால், ‘பார்ட் டைமுக்கு அதெல்லாம் இல்லை, நம் கடையில் மொத்தமே 12 பேர்தான்’ என்கிறார் மேனேஜர். இது சரியா?

பதில்: இரண்டுமே தப்பு. சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்களா என்பதைத்தான் பி.எஃப். சட்டம் பார்க்கிறது, எத்தனை மணி நேரம் என்பதை அல்ல. சேர்ந்த நாளிலிருந்தே நீங்கள் உறுப்பினர். 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயம், அந்தக் கணக்கையும் கிளைக்குக் கிளை தனித்தனியாகப் போடுவதில்லை. குன்னூரில் 12, ஊட்டியில் 15, கோவையில் 60 என்றால் எல்லாம் சேர்த்து ஒரே நிறுவனம்தான்.

8,500 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் உங்கள் பங்கு 1,020. கடை தன் கையிலிருந்து இன்னொரு 1,020 போட வேண்டும். கடையின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம். விட்டுப்போன இரண்டு வருடப் பாக்கியைக் கடைதான் கட்ட வேண்டும், இனி வரும் சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது. ஈ.எஸ்.ஐ. என்கிற மருத்துவக் காப்பீட்டிலும் பார்ட் டைம் என்ற விலக்கு இல்லை. சம்பள வரம்பு 21,000. வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் போனஸும் கேட்கலாம்.

கோத்தகிரிக்காரர் ஒருவர் போன மாதம் ஒரு குழப்பத்தோடு வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் என்றால், கடை பி.எஃப். பிடிக்காமல் விடலாம். ஆனால் அவர் முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர். அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படியென்றால் இங்கே 18,000 வாங்கினாலும் அவர் உறுப்பினர்தான், 15,000 வரைக்குமாவது பிடித்தாக வேண்டும். ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதைத் தனியாக ஒதுக்கிவைத்து, பி.எஃப். பிடிக்கும் தொகையைக் குறைப்பதும் செல்லாது. 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது.

சரி, இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். ‘ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா’ என்று 11 மாதத்துக்கு ஒருமுறை ராஜினாமாக் கடிதம் நீட்டுவார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் சம்பளம் என்பதற்குப் பதில் ‘உதவித்தொகை’ என்று எழுதி, உங்களை ட்ரெய்னி ஆக்குவார்கள். நீங்கள் கான்ட்ராக்டர் ஆள், கடைக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்வார்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கடை கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம்.

இவர்களைவிட எனக்குக் கோபம் வருவது பிரவுசிங் சென்டர் ஆசாமிகள் மேல். யூ.ஏ.என். எனும் உங்கள் பி.எஃப். எண்ணை எடுத்துத் தருகிறேன், புகார் போட்டுத் தருகிறேன் என்று ஆதாரையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொள்வார்கள். பழைய கணக்கு ஒன்று கண்ணில் பட்டால் போதும், ‘கிளைம் போட்டுடலாமா?’ என்று கேட்டு, வந்த பணத்தில் கமிஷன் பிடிப்பார்கள். பென்ஷனுக்குச் சேர்ந்திருந்த வருடங்கள் அதோடு போச்சு. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் கணக்கை மத்திய அரசின் உமங் செயலியில் நீங்களே பார்க்கலாம்.

புகாரை பி.எஃப். இணையதளத்தில் போடலாம். அனுபவத்தில் சொல்கிறேன், முதல் புகார் பெரும்பாலும் ‘ஆவணம் போதாது’ என்று மூடப்படும். ஆவணமெல்லாம் கடையிடம் இருக்கும்போது பில் போடும் பெண்ணிடம் கேட்கிற அலுவலகத்தை என்ன சொல்ல! கோவை மண்டல அலுவலகத்துக்கு மலையிறங்கிப் போய் வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் மாதந்தோறும் 27ஆம் தேதி வாக்கில் மாவட்டத்திலேயே நடக்கும் பி.எஃப். குறைதீர் முகாமுக்கு, எழுதிய மனுவோடு போங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவோடு வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்களையும், வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் பட்டியலையும் வையுங்கள். பல கடை பில்களில் கேஷியர் பெயர், தேதி, நேரம் எல்லாம் அச்சாகும். உங்கள் கடையிலும் அப்படித்தான் என்றால், நீங்கள் பில் போட்ட நாளில் வீட்டுக்கு வாங்கிய சாமான்களின் பில்லைத் தேடி எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். மேனேஜரிடம் மறுபடி பேசுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும். விஷயம் தெரிந்ததும் பில்லில் உங்கள் பெயர் வருவது நின்றாலும் நிற்கும்.