‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்றால் உங்கள் தடத்தில் பஸ் கூடுமா?

கேள்வி: பொதுப் போக்குவரத்து முதலீடு பற்றி எங்கள் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தை முழுக்கக் கேட்டேன். “இதுவரை இல்லாத அளவு ஒதுக்கியிருக்கிறோம்” என்கிறார் அமைச்சர். “போன ஆண்டைவிடக் குறைத்துவிட்டீர்கள்” என்கிறது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே பட்ஜெட் புத்தகத்தைத்தான் காட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? நான் வேலைக்குப் போக பஸ்ஸை நம்பியிருப்பவன். என் தடத்தில் பஸ் கூடுமா என்று இந்த விவாதத்தை வைத்துச் சொல்ல முடியுமா? எம்.பி.க்கு எழுதினால் என்ன கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பல நாடுகளில் ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் இருக்கும்: ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு, நடுவில் திருத்திய மதிப்பீடு, கணக்கு முடிந்தபின் தெரியவரும் உண்மைச் செலவு. போன ஆண்டு 1,000 கோடி அறிவித்தார்கள், டெண்டர் தாமதமானதால் அதை 600ஆகத் திருத்தினார்கள், இந்த ஆண்டு 900 ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் 600ஓடு ஒப்பிட்டு ஒன்றரை மடங்கு என்பார். எதிர்க்கட்சி 1,000த்தோடு ஒப்பிட்டு வெட்டு என்னும். கணக்கில் தப்பில்லை. ஆனால் செலவாகாமல் போன அந்த 400 கோடிக்கு எந்த வேலை நின்றது என்று யாராவது கேட்டார்களா? உங்களுக்கு வேண்டியது அந்தக் கேள்வி.

அப்புறம், ஐந்தாண்டுத் தொகையைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் பழக்கம் பல நாட்டு அமைச்சர்களிடம் உண்டு. எண்ணோடு ஆண்டு சொல்லப்படாவிட்டால் அதை அப்படியே ஒதுக்கிவையுங்கள். டீசல் விலையும் சம்பளமும் ஏறியிருக்கும்போது போன ஆண்டின் அதே தொகையைக் கொடுப்பதும் குறைப்புதான்.

இனி உங்கள் பஸ்ஸுக்கு வருவோம். பொதுப் போக்குவரத்துக்குப் போகும் பணம் இரண்டு வகை. பஸ் வாங்க, பாதை போட, நிலையம் கட்ட ஆகும் மூலதனச் செலவு ஒன்று. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், டயர், பணிமனைப் பராமரிப்பு என்று அன்றாடம் ஓட்ட ஆகும் நடப்புச் செலவு இன்னொன்று. அவையில் மேசையைத் தட்டி வரவேற்கப்படுவது பெரும்பாலும் முதல் வகை, ஏனென்றால் அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. நீங்கள் நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதை முடிவு செய்வதோ இரண்டாவது வகை.

ஒரு தடத்தை எடுத்துப் பார்க்கலாம். போய்த் திரும்ப, முனையத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, 90 நிமிடம் ஆகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 6 பஸ் வேண்டும். அதை 10 நிமிடமாக்க 9 வேண்டும். 3 பஸ்தானே, வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் காலை முதல் இரவு வரை ஓடும் பஸ்ஸுக்கு இரண்டு ஷிப்ட் ஆள் தேவை. வார விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ்ஸுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு வழி செய்யாமல் பஸ்ஸை மட்டும் வாங்கினால், அது பணிமனையில் நிற்கும். இன்னொன்றையும் பாருங்கள்: 500 புதிய பஸ் என்று அறிவிக்கும் அதே ஆண்டில் 500 பழைய பஸ்களைக் கழித்துக்கட்டினால், உங்களுக்குக் கிடைப்பது புது இருக்கை மட்டும்தான். இடைவெளி மாறாது. எத்தனை பஸ் கழிக்கப்படும் என்று கேட்காத விவாதத்தை நான் அரைகுறை விவாதம் என்றுதான் சொல்வேன்.

இது வெறும் கணக்குப் புத்தகச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரப் பகுதிகளுக்கு அன்றாட ஓட்டச் செலவுக்காகக் கூட்டரசு தந்துவந்த உதவியை 1998ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நிறுத்தியது. வாங்கவும் கட்டவும் நிதி தொடர்ந்தது. கட்டிய பாதையில் போதிய வண்டி ஓட்டப் பணமில்லாமல் பல நகரங்கள் தடுமாறின. 2020இல் பெருந்தொற்று வந்து பயணிகள் இல்லாமல் போனபோது, பொதுப் போக்குவரத்துக்கென 2,500 கோடி டாலரை ஒதுக்கி, அதை நடப்புச் செலவுக்கும் பயன்படுத்தலாம் என்று நாடாளுமன்றம் அனுமதிக்க வேண்டியிருந்தது.

விவாதத்தில் ‘நட்டம்’ என்ற சொல்லும் வந்திருக்கும். உலகின் மிகப் பெரும்பாலான நகரங்களில் டிக்கெட் வசூல் ஓட்டச் செலவை முழுதாக ஈடுகட்டுவதில்லை. மீதியை யார் கொடுப்பது என்பதுதான் விவாதிக்க வேண்டியது. பாரிஸ் வட்டாரத்தில் 1971இலேயே முதலாளிகளிடம் சம்பளத் தொகையின் மேல் ஒரு போக்குவரத்து வரி வாங்கத் தொடங்கினார்கள். ஊழியர் நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் அடைபவர் முதலாளியும்தானே என்பது அதிலுள்ள நியாயம். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. சாலையை யாரும் நட்டக் கணக்கில் எழுதுவதில்லை, பஸ்ஸை மட்டும் எழுதுகிறோம்.

ஜெர்மனியில் 2023 மே மாதம் நாடு முழுவதற்குமான 49 யூரோ மாதச் சீட்டு வந்தது. அதற்காகக் கூட்டரசு 150 கோடி யூரோ, மாநிலங்கள் சேர்ந்து இன்னொரு 150 கோடி யூரோ என்று ஆண்டுதோறும் போட்டன. மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் மீதிச் செலவை யார் ஏற்பது என்ற இழுபறி ஓயவில்லை. 2025 ஜனவரியில் விலை 58 யூரோ ஆனது. இந்தத் தலைவலியை சுவிட்சர்லாந்து வேறு விதமாகக் கையாண்டது. ரயில் கட்டமைப்புக்கென்று ஒரு நிரந்தர நிதியத்தை 2014இல் பொதுவாக்கெடுப்பு வைத்து ஏற்றார்கள். 2016இல் அது நடைமுறைக்கு வந்தது. புதுப் பாதைக்கு மட்டுமில்லாமல், இருக்கும் பாதையை ஓட்டவும் பராமரிக்கவும் அதே நிதியத்திலிருந்து பணம் போகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிச்சை கேட்கும் நிலை இல்லை.

பெரிய ரயில் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லும் செலவும் சொல்லும் பயணிகள் எண்ணிக்கையும் பெரும்பாலும் தவறிப்போகும். பெரிய திட்டங்களை ஆராயும் டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர்க்கின் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. லண்டனின் எலிசபெத் ரயில் பாதைக்கு 2008இல் சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் திறக்கவிருந்தது 2022 மே மாதம்தான் திறந்தது. சட்டம் நிறைவேறியதாலேயே பாதை வந்துவிடும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் மேற்கு மிட்லண்ட்ஸிலிருந்து க்ரூ வரையிலான அதிவேக ரயில் பாதைக்கு 2021 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. 2023 அக்டோபரில் பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார், அதுவும் கட்சி மாநாட்டு மேடையில் அறிவித்து.

சரி, எம்.பி.க்கு என்ன எழுதுவது? “பஸ் போதவில்லை, ஆவன செய்யுங்கள்” என்று எழுதினால் “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில்தான் வரும். எண்ணாகவே பதில் சொல்ல வேண்டியபடி கேளுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“எங்கள் பகுதியில் கடந்த 3 ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, பயணிகள் சேவைக்காகப் பஸ்கள் ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு? வரும் ஆண்டுக்கான இலக்கு எவ்வளவு? அந்தக் கூடுதல் கிலோமீட்டருக்கான நடப்புச் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கப்பட்டுள்ளது? இந்த ஆண்டு சேரும் பஸ் எத்தனை, கழிக்கப்படும் பஸ் எத்தனை?”

ஓடிய கிலோமீட்டரைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒதுக்கீட்டை எப்படி வேண்டுமானாலும் கூட்டிக் காட்டலாம். பஸ் ஓடாமல் கிலோமீட்டர் ஏறாது.

பல நாடுகளில் நகர பஸ் மாநிலத்தின் அல்லது நகராட்சியின் பொறுப்பு. உங்கள் நாட்டிலும் அப்படியென்றால் “இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை” என்று தட்டிக்கழிக்க இடமுண்டு. அப்போது மத்திய அரசு அவர்களுக்குத் தரும் மானியத்தைப் பற்றிக் கேளுங்கள்: எவ்வளவு தரப்பட்டது, அதை ஓட்டச் செலவுக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா? மேற்சொன்ன கிலோமீட்டர் கேள்வியை உங்கள் வட்டாரப் பிரதிநிதிக்கு அனுப்புங்கள்.

அவையில் வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுத்துமூலப் பதில் கேட்கச் சொல்வது நல்லது. அவைக்குறிப்பில் பதிவாகும், அடுத்த ஆண்டு அதையே எடுத்துக்காட்டிக் கேட்கலாம். கேள்விகளைக் கொடுக்க முன்கூட்டியே கெடு இருக்கும். அதனால் பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் கடிதம் எம்.பி. அலுவலகத்துக்குப் போய்ச் சேரட்டும்.