ஆஸ்பத்திரியில நம்ம உரிமை என்ன, பொறுப்பு என்ன: நர்ஸ் அக்காகிட்ட கேட்ட கேள்விகள்

எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் பிரைவேட் ஆஸ்பத்திரிகள்ல 19 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், முதுகு வலி வந்ததுக்கு அப்புறம் 6 வருஷமா எம்.ஆர்.டி.ல, அதாவது கேஸ் ஷீட் எல்லாம் அடுக்கி வைக்கிற ரெக்கார்டு செக்ஷன்ல இருக்கேன். வக்கீல் இல்ல, வார்டுலயும் ஃபைல்லயும் பாத்தத வச்சுதான் சொல்றேன்.

அக்கா, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. வேற டாக்டர்கிட்ட காட்டலாம்னு கேஸ் ஷீட் காப்பி கேட்டா, டிஸ்சார்ஜ் சம்மரியே போதும் அதெல்லாம் தரமாட்டோம்னு சொல்றாங்க. கேக்க நமக்கு ரைட்ஸ் இருக்கா? (ஈரோடு)

இருக்கு தம்பி, நல்லாவே இருக்கு. மெடிக்கல் கவுன்சிலோட 2002 நடத்தை விதியிலயே போட்டிருக்கு, பேஷண்டோ அவர் அனுமதி கொடுத்த ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு கொடுக்கணும், சிகிச்சை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து 3 வருஷம் அத பத்திரமா வச்சிருக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரிங்கிறது ரெண்டு பக்கச் சுருக்கம். கேஸ் ஷீட்ல தான் எல்லாமே இருக்கும், எத்தன மணிக்கு எந்த ஊசி போட்டாங்க, பிரஷர் எவ்வளவு இருந்துச்சு, நைட் டூட்டி நர்ஸ் டாக்டருக்கு எப்ப போன் பண்ணாங்க, மயக்க டாக்டர் என்ன எழுதினாரு, ஆபரேஷன் தியேட்டர்ல எழுதுற ஓ.டி. நோட்ஸ், எல்லாம்.

ஆனா வாயால கேக்காதீங்க. ஒரு வெள்ளத் தாள்ல அப்பா பேரு, அட்மிஷன் போட்டப்ப கொடுத்த ஐ.பி. நம்பர், அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதி, முழு கேஸ் ஷீட் நகல் வேணும்னு அப்பாவே கையெழுத்து போட்டுக் கொடுக்கணும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீல் வாங்கிக்கோங்க. எங்க கவுண்டர்லயே நான் பாக்குறேன், வாயால கேட்டவங்க மூணு நாலு தடவ அலையுறாங்க, சீல் வாங்கின தாளோட வந்தவங்க வேலை அன்னைக்கோ மறுநாளோ முடிஞ்சிடுது. ஒரிஜினல் கேஸ் ஷீட் ஆஸ்பத்திரியில தான் இருக்கும், நமக்கு நகல் தான், ஜெராக்ஸ் செலவு கேட்டா கொடுத்துடுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி அஞ்சாறு ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க, ஒண்ணும் படிக்கல. கையெழுத்து போட்டுட்டா அதுக்கப்புறம் எதுவும் கேக்க முடியாதா? (சேலம்)

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமா தான் சொல்வேன், பொறுத்துக்கோங்க. இத்தன வருஷத்துல நூத்துக்கணக்கான பேருகிட்ட நானே கன்சென்ட் ஃபார்ம், அதாவது சம்மதக் கையெழுத்து வாங்குற ஃபாரம், நீட்டியிருக்கேன். பேனாவ வாங்கிட்டு எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி தான், "எங்க போடணும் சிஸ்டர்?" எதுக்குப் போடணும்னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு தடவ ஒரு பூக்கட்டுற அம்மா, எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைக்கிறவங்க, விரல்ல மை தடவப் போனப்ப கைய பின்னாடி இழுத்துக்கிட்டாங்க. "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டு தாயி, அப்புறம் வைக்கிறேன்"னாங்க. வாசிச்சேன். கர்ப்பப்பை எடுக்குறதுன்னு போட்டிருந்துச்சு, அவங்க கட்டிய மட்டும் எடுக்கப் போறாங்கன்னு நெனச்சு வந்திருக்காங்க. டாக்டர் திரும்ப வந்து உக்காந்து பேசி, அவங்க பொண்ணையும் வரச்சொல்லி, எல்லாம் புரிஞ்ச பிறகு மறுநாள் தான் ஆபரேஷன் நடந்துச்சு. அன்னைலேர்ந்து யாருக்கும் நான் படிக்காம ஃபாரம் நீட்டினது கிடையாது.

சட்டமும் அதான் சொல்லுது. 2008ல சுப்ரீம் கோர்ட் சமீரா கோலி கேஸ்ல தீர்ப்பு கொடுத்துச்சு. உள்ள என்ன பிரச்சனைன்னு பாக்குற லேப்ராஸ்கோப்பி டெஸ்ட்டுக்குத்தான் அந்தம்மா முக்கியமா சம்மதிச்சிருந்தாங்க. மயக்கத்துல இருக்கும்போது அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. டெஸ்ட்டுக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்ப வளந்த ஆளுக்காக வேற ஒருத்தர் சம்மதிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

அதனால என்ன நோய், என்ன செய்யப் போறாங்க, என்ன ரிஸ்க், வேற வழி இருக்கா, செய்யலன்னா என்ன ஆகும், இத டாக்டர் நமக்குப் புரியுற பாஷையில சொல்லணும். வெத்து ஃபாரத்துல கையெழுத்து போடாதீங்க, ஆபரேஷன் பேரு எழுதின பிறகு போடுங்க. சரியா விளக்கம் சொல்லாம வாங்குனது, இல்ல கவனக்குறைவால ஒண்ணு நடந்துச்சுன்னா, கையெழுத்து போட்டிருந்தாலும் நீங்க தாராளமா கேக்கலாம்.

ரோட்டுல அடிபட்டவர தூக்கிட்டுப் போனா முதல்ல பணம் கட்டு, போலீஸ் வரட்டும்னு சொல்றாங்களே? (விழுப்புரம்)

சொல்லக் கூடாது. 1989லயே பரமானந்த் கட்டாரா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, கவர்மெண்ட்டோ பிரைவேட்டோ முதல்ல உயிரக் காப்பாத்து, போலீஸ் விவகாரம் அப்புறம்னு. நம்ம ஊர்ல 2021 டிசம்பர்லேர்ந்து இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்து நடந்தா, அடிபட்டவர் எந்த மாநிலமா இருந்தாலும், திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரம் இலவசம். 108க்கு அடிச்சா அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடுவாங்க. தூக்கிட்டு வந்த உங்கள பணம் கட்டச் சொல்லவோ, பேரு சொல்லுன்னு கட்டாயப்படுத்தவோ முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல அதுக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்காங்க. பயப்படாம தூக்குங்க.

மருந்து ஆஸ்பத்திரி மெடிக்கல்லயே தான் வாங்கணுமா? (கரூர்)

இல்ல. சீட்டு உங்களோடது, எங்க வேணா வாங்கலாம். வெளிய வாங்குனா பில் வச்சுக்கோங்க, பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் வார்டு நர்ஸ்கிட்ட காட்டிட்டுக் கொடுங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டிய ஊசிய வெயில்ல பைக் டேங்க் கவர்ல வச்சு எடுத்துட்டு வராதீங்க, ஐஸ் பேக் கேட்டு வாங்குங்க. மாசா மாசம் போடுற சுகர் பிரஷர் மாத்திரைக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ரெண்டுலயும் விலைய கேட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலன்னு காலைல டிஸ்சார்ஜ் சொன்ன ஆள நைட் வரைக்கும் உக்கார வச்சுட்டாங்க, ஒரு நாள் ரூம் வாடகையும் சேத்துட்டாங்க. (கோயம்புத்தூர்)

இது என் வீட்டுலயே நடந்துச்சும்மா. எங்கப்பாவ வேற ஒரு ஊர்ல சேத்திருந்தோம், காலைல 10 மணிக்கு வேட்டி மாத்தி, பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தவரு, ராத்திரி எட்டரைக்கு தான் எந்திரிச்சாரு. சுகர் பேஷண்ட், டிஸ்சார்ஜ் ஆன ஆளுன்னு சாப்பாடும் வரல. எனக்கு எல்லாம் தெரியும், இருந்தும் அன்னைக்கு வாய் அடைச்சுப் போச்சு, அது இப்பவும் மனசுல உறுத்திக்கிட்டே தான் இருக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024ல விதி போட்டிருக்கு. கேஷ்லெஸ், அதாவது நாம கட்டாம இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டுறது, கேட்டா ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜுக்கு ஆஸ்பத்திரி பேப்பர் அனுப்பினதுலேர்ந்து 3 மணி நேரத்துக்குள்ள ஃபைனல் அப்ரூவல் கொடுக்கணும், அதுக்கு மேல போயி ஆஸ்பத்திரி கூடுதலா சார்ஜ் பண்ணா அந்தக் காச இன்சூரன்ஸ் கம்பெனி தான் ஏத்துக்கணும். அதனால இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேக்க வேண்டியது, "எத்தன மணிக்கு அனுப்புனீங்க?"ங்கிறது தான். அந்த டைம குறிச்சு வச்சுக்கோங்க.

பில் தகராறுல ஆளையே வெளிய விடமாட்டேன், இறந்தவர் உடம்பத் தரமாட்டேன்னு சொல்றதும் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயார் பண்ண நோயாளி உரிமை சாசனத்துல அது தெளிவா இருக்கு, மத்திய சுகாதாரத்துறை 2019ல அத மாநிலங்களுக்கு அனுப்பிச்சு. பாக்கிய வசூல் பண்ண கோர்ட்டு இருக்கு, மனுஷன பிடிச்சு வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனா ஒண்ணு, கட்ட வேண்டியத கட்டுறதும் நம்ம பொறுப்பு. முதல் நாளே எஸ்டிமேட் எழுதி வாங்குங்க, தினமும் பில் எவ்வளவு ஏறியிருக்குன்னு கேளுங்க. கடைசி நாள்ல பாத்து அதிர்ச்சி ஆகுறதுல யாருக்கும் லாபம் இல்ல.

கருக்கலைப்புக்குப் போனேன், புருஷன் கையெழுத்து இல்லாம முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. (பேரு ஊரு வேணாம் அக்கா)

பேரு வேணாம்டா. உனக்கு 18 வயசு முடிஞ்சிருந்தா உன் சம்மதம் மட்டும் போதும், 1971 சட்டத்துலயும் 2021 திருத்தத்துலயும் புருஷன் கையெழுத்துன்னு ஒரு வரி கிடையாது. சட்டம் சொல்ற காரணங்களுக்கு 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு போதும், அதுக்கு மேல 24 வாரம் வரைக்கும் குறிப்பிட்ட சில நிலைமைகளுக்கு ரெண்டு டாக்டர் வேணும். உன் பேர வெளிய சொல்றதே குற்றம். நாள் கடத்தாத, அங்கீகாரம் இருக்கிற இன்னொரு இடத்துக்கோ அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ இந்த வாரமே போ. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி நீயா போடாத, ரத்தப்போக்கு நிக்காம வந்த பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல குழந்தையக் காட்டவே காசு கேக்குறாங்க. பெரிய தப்பு நடந்தா எங்க போறது? (திருவண்ணாமலை)

காசு கொடுக்காதீங்க, அது இலவசம். அங்கயே ஆர்.எம்.ஓ., அதாவது நிலைய மருத்துவ அலுவலர் ரூம் இருக்கும், டூட்டி நேரம், வார்டு, பெட் நம்பர் எழுதிக் கொடுங்க. கேக்கலன்னா டீன் இல்ல சூப்பிரண்டு, அதுக்கு மேல முதல்வரின் முகவரி 1100, லஞ்ச ஒழிப்புத் துறை.

சிகிச்சையில தப்புன்னா ரெண்டா பிரிச்சுப் பாருங்க. டாக்டரோட நடத்தை பத்தின்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். பிரைவேட் ஆஸ்பத்திரி வசதி, பதிவு பத்தின்னா மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், ஜே.டி. ஆபீஸ்னு சொல்வாங்க. நஷ்ட ஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் கட்டாயம் இல்ல, சிகிச்சைக்குக் கட்டுன தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஆணையத்துல ஃபீஸும் இல்ல. எல்லாருக்கும் இலவசமா பாக்குற அரசு ஆஸ்பத்திரி இதுல வராது, 1995 சாந்தா கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் அப்படி பிரிச்சு வச்சிடுச்சு. அதுக்கு சிவில் கோர்ட்டோ மனித உரிமை ஆணையமோ தான்.

சிஸ்டர், நான் ஹவுஸ் சர்ஜன், பயிற்சி டாக்டர். எல்லாரும் உரிமை பேசுறாங்க, பேஷண்ட் பொறுப்பு பத்தியும் சொல்லுங்க. (தஞ்சாவூர்)

கண்டிப்பா டாக்டர். பெரிய பொறுப்பு உண்மையச் சொல்றது தான். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவர், ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி படலன்னு என்கிட்டயும் சொன்னாரு, மயக்க டாக்டர்கிட்டயும் சொன்னாரு. ஸ்ட்ரெச்சர்ல ஏத்துறப்ப சட்டைப் பாக்கெட்லேர்ந்து ஹோட்டல் பில்லு விழுந்துச்சு, காலைல ஆறு மணிக்கு ரெண்டு இட்லி ஒரு வடை. "வெறும் வயித்துல எப்படிம்மா கத்தி வைக்கிறது, தெம்பு வேணாமா"ன்னு கேட்டாரு. வயித்துல சோறு இருக்கிறப்ப மயக்கம் கொடுத்தா அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், ஆளே போயிடலாம்னு அவருக்கு யாரும் சொல்லல. சாப்பிடாதீங்கன்னு மட்டும் சொன்னோம், ஏன்னு சொல்லல. அதுல எங்க தப்பும் இருக்கு.

நாட்டு மருந்து, லேகியம், ஊசி அலர்ஜி, ரத்தம் உறையாம இருக்க போடுற மாத்திரை, குடிப் பழக்கம், எதையும் மறைக்காதீங்க. டெய்லி குடிக்கிறவரு அத மறைச்சுட்டு அட்மிட் ஆகி, மூணாம் நாள் கை நடுங்கி டிரிப்ஸ பிடுங்கிட்டு ஓடுறத எத்தன தடவ பாத்தாச்சு. முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு மருந்து இருக்கு. பொண்டாட்டி முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்தா டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு கேளுங்க, தருவாங்க, அதுவும் உங்க உரிமை தான்.

அப்புறம் டாக்டர், நர்ஸ அடிக்கக் கை ஓங்குறது. 2008லயே தமிழ்நாட்டுல இதுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு, அப்படியும் 2024 நவம்பர்ல கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில டாக்டர பேஷண்டோட மகனே கத்தியால குத்தினாரு. அம்மா படுற வேதனைய பாக்குற பிள்ளையோட கோபம் எனக்குப் புரியுது. ஆனா டாக்டருக்கு அடி விழுற வார்டுல அன்னைக்கு மத்த நாப்பது பேருக்கும் வைத்தியம் நின்னு போகுது.

அம்மாவுக்கு கேன்சர்னு ரிப்போர்ட். சொன்னா தாங்க மாட்டாங்க, சொல்லாதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். தப்பா? (தூத்துக்குடி)

பாசத்துல செஞ்சது, ஆனா அந்த உடம்பு அம்மாவோடது. தெரிஞ்சுக்குற உரிமையும் அவங்களோடது தான், வேணாம்னு சொல்ற உரிமையும் அவங்களோடது தான். கீமோ வார்டுல படுத்திருக்கிற அம்மாவுக்கு பக்கத்து பெட்டுல முடி கொட்டின ஆளப் பாத்ததுமே தெரிஞ்சிடும் தம்பி, அதுக்கப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு அவங்க தெரியாத மாதிரி இருப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு என் கையப் பிடிச்சு "எனக்கு அது தான சிஸ்டர்"னு கேட்டவங்க இருக்காங்க, காலைல பிள்ளைங்க வந்ததும் சிரிச்சுப் பேசுவாங்க. டாக்டர வச்சு, "உங்க ரிப்போர்ட் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறீங்கம்மா?"ன்னு ஆரம்பிக்கச் சொல்லுங்க. அவங்க எவ்வளவு கேக்குறாங்களோ அவ்வளவு. பக்கத்துல நீங்க உக்காந்திருங்க.

நாளைக்கு முதல் தடவையா பாட்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறேன். என்ன எடுத்துட்டுப் போகணும் அக்கா? (தேனி)

பழைய சீட்டு, ரிப்போர்ட், ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் தேதி வாரியா ஒரே பையில. மாத்திரைய பேரு சொல்ல முயற்சி பண்ணாதீங்க, அட்டையோட எடுத்துட்டுப் போங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு. ஒரு சின்ன நோட்டு, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது மூணே மூணு கேள்வி அதுல எழுதி. டாக்டர் ஆம்பளையா இருந்து உடம்ப பாக்கணும்னா கூட ஒரு பொம்பள இருக்கணும்னு பாட்டி கேக்கலாம், முன்னாடியே சொல்லி வைங்க. எந்த ஊசிக்காவது முன்னாடி தடிச்சிருந்தா அந்த ஊசி பேர பழைய சீட்டுல தேடிக் கண்டுபிடிச்சு, நோட்டோட முதல் பக்கத்துல சிவப்பு பேனாவுல பெருசா எழுதிடுங்க, போனதும் முதல்ல அந்தப் பக்கத்த தான் காட்டணும்.