சமான எடை: பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் ஏன் மூன்று விடை?

பிளஸ் டூ, பி.எஸ்சி. மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: சார், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான எடை ஓரிடத்தில் 31.6, இன்னோரிடத்தில் 52.67 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரி. மூலக்கூறு எடை 158. அதை, ஒரு மூலக்கூறு வாங்கும் அல்லது கொடுக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்; ஒரு எலக்ட்ரானுக்கு உரிய அந்த எடைதான் இங்கே சமான எடை. அமிலத்தில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான் வாங்கினால் குறையும், கொடுத்தால் கூடும்) +7-லிருந்து +2 வரை இறங்கும். 5 எலக்ட்ரான், 31.6. நடுநிலைக் கரைசலில் +4-லேயே நின்றுவிடும்; 3 எலக்ட்ரான், 52.67. கடுங்காரத்தில் +6 ஆகிப் பச்சை மாங்கனேட் வரும். ஒரே எலக்ட்ரான், 158. அதனால் பொருளின் பெயரை மட்டும் சொல்லிச் சமான எடை கேட்டால், "எந்தக் கரைசலில்?" என்று திருப்பிக் கேளுங்கள். மனப்பாடம் இங்கேதான் காலை வாரிவிடும்.

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது (துளித்துளியாக விட்டு அளவு காணும்போது) குடுவைக்குள் பழுப்பாகக் கலங்கிவிட்டது. ஏன்?

பதில்: முதல் பதிலில் சொன்ன +4 நிலைதான் அந்தப் பழுப்பு, மாங்கனீசு டைஆக்சைடு. நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, அல்லது கரைசல் சூடாக இல்லை, அல்லது பியூரெட்டை வேகமாகத் திறந்துவிட்டீர்கள். நீங்கள் 31.6 என்று கணக்குப் போட, குடுவைக்குள் ஒரு பகுதி 52.67 கணக்கில் நடக்கிறது. விடை எப்படிச் சரியாக வரும்? அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். முதல் துளியின் நிறம் மெதுவாகத்தான் மறையும், பொறுத்திருங்கள். கொஞ்சம் மாங்கனீசு +2 உருவானதும் அதுவே வினையை முடுக்கும். அப்புறம் விழுந்த வேகத்தில் நிறம் போகும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றாதீர்கள். குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழிக்கும்.

கேள்வி: டைகுரோமேட்டில் குரோமியம் +6-லிருந்து +3. அப்படியென்றால் 3-ஆல்தானே வகுக்க வேண்டும்?

பதில்: மூலக்கூறில் இரண்டு குரோமியம் இருக்கிறதே! ஆகவே 6. 294-ஐ 6-ஆல் வகுத்தால் 49. விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. தயோசல்பேட்டிலும் இதே கவனம் வேண்டும்: கந்தகத்தின் சராசரி +2, அயோடினுடன் வினைபுரிந்ததும் +2.5. அணுவுக்கு அரை, இரண்டு அணுவுக்கு ஒன்று. எனவே படிகத்தின் சமான எடை மூலக்கூறு எடையேதான், 248.

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்துக்குக் காரத்துடனும் 63, பெர்மாங்கனேட்டுடனும் 63. எப்போதும் ஒன்றாகவே வருமா அக்கா என்று தங்கை கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: வராது என்று சொல்லுங்கள். காரத்துக்குக் கொடுப்பது 2 ஹைட்ரஜன், பெர்மாங்கனேட்டுக்குக் கொடுப்பது 2 எலக்ட்ரான்; இரண்டிலும் 2-ஆல்தான் வகுக்கிறோம், அதனால் ஒத்துப்போகிறது. பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டை எடுத்துக்காட்டுங்கள். மூலக்கூறு எடை 128. காரத்துக்குக் கொடுக்க ஒரே ஹைட்ரஜன், அதனால் 128. பெர்மாங்கனேட்டுக்கு 2 எலக்ட்ரான், அதனால் 64. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த அதே உப்புதான்.