கீறல் விழுந்த கல்யாண டிவிடி

கேள்வி: எங்கள் கல்யாணம் 2008-இல் காவேரிப்பட்டணத்தில் நடந்தது. வீடியோக்காரர் கொடுத்த 3 டிவிடிகளில் இரண்டாவது, முகூர்த்தம் வருகிற இடத்தில் நின்றுவிடுகிறது. பற்பசை தடவித் தேய்த்தால் ஓடும் என்கிறார் என் கொழுந்தனார். கடைக்காரர் ஒருவர் மெஷினில் பாலிஷ் போட 200 ரூபாய் கேட்கிறார். எதை நம்புவது?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஓடுகிற மற்ற இரண்டு டிவிடிகளையும் முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். நோய் வந்ததைக் கவனிக்கிற அவசரத்தில் நல்லதை விட்டுவிடுகிறோம். அதற்கும் அதே வயதுதான் ஆகிறது.

அப்புறம் இரண்டாவதை எடுத்து, செல்போன் டார்ச்சை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், அந்த இடத்தில் பளபளப்பான பூச்சே போய்விட்டது என்று அர்த்தம். எந்தப் பசையும் அதைத் திருப்பித் தராது. புள்ளி இல்லாமல், அடிப்பக்கப் பிளாஸ்டிக்கில் வெறும் கோடு மட்டும் இருந்தால் நம்பிக்கை உண்டு. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. பதிவு நடுவில் பத்திரமாக இருக்கிறது. சிடிதான் பாவம். அதில் பதிவு லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால், பெயர் எழுதும் பக்கத்தில் விழுகிற கீறல்தான் ஆபத்து. நாமோ அந்தப் பக்கத்தைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம்.

பல சமயம் கீறல் என்று நாம் நினைப்பது விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, நிறையத் தண்ணீர், விரல் நுனி போதும். ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளை உப்புக்கறை படிந்து, இருந்ததை விட மோசமாகிவிடும். ஒகேனக்கல் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, பிளாஸ்டிக் வெளுத்துப்போகும்.

துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுங்கள். பதிவு சுருளாகப் போகிறது. குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்தால், படிக்கும் கருவியே விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். சுருளோடு சேர்ந்து ஓடுகிற கீறல் என்றால் தொடர்ச்சியாக ஒரு துண்டே போய்விடும். என் தாத்தாவின் கூத்துப் பாட்டு இருந்த சிடியை வேட்டி முனையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கெடுத்தவன் நான். கர்ணன் வருவதற்கு முன்பே நின்றுவிடும்.

காய்ந்ததும் டிவிடி பிளேயரில் போடாதீர்கள், கம்ப்யூட்டரில் போடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பதால், இரண்டு மூன்று இடத்தில் முயன்று பாருங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிரைவை யாரிடமாவது இரவல் வாங்கலாம். உள்ளே இருக்கும் வீடியோ 1 ஜிபி அளவுக்குத் துண்டு துண்டான கோப்புகளாகத்தான் இருக்கும். மொத்தமாக இழுத்துப் போட்டால் கெட்ட இடத்தில் எல்லாமே நின்றுபோகும். ஒவ்வொன்றாகக் காப்பி எடுங்கள். அப்படி எடுத்தால் போவது ஒரு துண்டு மட்டும்தான்.

இதெல்லாம் முடிந்தும் முகூர்த்தம் வரவில்லை என்றால்தான் பாலிஷ். பற்பசையும் மெஷினும் செய்வது ஒரே வேலை: சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் கீறலின் ஆழத்தைக் குறைப்பது. அதனால் மேலோட்டமான கீறலுக்குப் பலன் உண்டு, நகம் மாட்டுகிற ஆழத்துக்கு இல்லை. கொழுந்தனார் சொன்ன முறை என்றால் வெள்ளைப் பசைதான், ஜெல் உதவாது. கடைக்குப் போனால், ஓடினால்தான் 200 ரூபாய் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புளூரே தட்டை மட்டும் யாரிடமும் பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். அதில் பதிவுக்கு மேல் இருப்பது வெறும் 0.1 மில்லிமீட்டர்.

கேள்வி: ஆன்லைனில் 699 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். 30 ஜிபி போல ஏற்றியதும் பழைய படங்கள் திறக்கவில்லை. ஃபார்மட் செய்தும் அப்படியே. திருப்பித் தரும் நாள் முடிந்துவிட்டது.
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: அது 2 டிபி கிடையாது. உள்ளே இருப்பது சின்ன சிப். கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிய எண்ணைச் சொல்லும்படி திருத்தியிருப்பார்கள். இடம் தீர்ந்ததும் வருவது பழையதன் மேலேயே எழுதப்பட்டு அதைக் கெடுக்கும், அல்லது பதியாமலே காணாமல் போகும். ஃபார்மட் செய்தால் பொய் போகாது. காரிமங்கலம் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுப்போமா? எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைக் காட்டிவிடும். காலி டிரைவில் ஓட்டி, வருகிற முடிவைப் படமெடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

திருப்பும் நாள் முடிந்தது என்பது விற்றவர் போட்ட விதி. பொய் அளவு சொல்லி விற்றது அதனால் சரியாகிவிடாது. பில்லோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: பேரன் படங்களைப் பென்டிரைவில் போட்டு நகையோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். எத்தனை வருஷம் தாங்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

பதில்: பூட்டி வைப்பதுதான் பிரச்சினையே, ஐயா. பென்டிரைவ் நினைவு வைத்திருப்பது மின்னூட்டத்தில். சும்மா கிடந்தால் மெல்லக் கசியும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. வருஷத்துக்கு ஒருமுறை செருகி எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்து, அதை வேறு வீட்டில், மகனிடமோ மகளிடமோ கொடுத்து வையுங்கள். பீரோவில் பூச்சி உருண்டை இருந்தால் சிடி பெட்டிகளையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பட்ட இடத்தில் அந்தப் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும்.